எதற்கும் ஒரு மாமன்

1

எங்கள் தபால்காரர் மதியத்துக்குக் கொஞ்சம் முன்புதான் வருவார். அது தெரிந்தும் காலையில் எழுந்ததும் ஒரு முறை கீழே இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். முந்தின நாள் வந்த கடிதம் ஏதாவது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று ஒரு பயம். இதுவரை அப்படி எதுவும் இருந்ததில்லை.

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இந்திய உணவகம் ஒன்றில் சமையல் செய்துகொண்டிருந்தேன். நெஞ்சில் அடைப்பு வந்து குழாய் வைத்த பிறகு, இனி அடுப்பு வெக்கையில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நம் ஊரில் ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டால் மறுநாள் யாராவது ஒரு வேலையைத் தலையில் கட்டுவார்கள். இங்கே கடிதங்கள் அனுப்புகிறார்கள். ஓய்வூதிய அலுவலகம், மருத்துவக் காப்பீடு, வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி தாளில் ஒரே மாதிரி எழுத்தில் எழுதுகிறார்கள். மிரட்டுகிறார்களா, நலம் விசாரிக்கிறார்களா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

நான் திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஜெர்மன் எனக்குப் பேச வரும். உப்பு, தீ, தட்டு, சீக்கிரம், மன்னிக்கவும் என்று சமையலறைக்கு வேண்டிய ஜெர்மன். கடிதம் படிக்க அது போதாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் மகன் அரவிந்துக்கு அனுப்புவேன். சாயங்காலம் பதில் வரும். "ஒண்ணும் இல்ல அப்பா." நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள், அதில் எப்படி ஒன்றும் இல்லாமல் போகும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.

மற்றபடி நாள் ஓடுகிறது. எங்கள் முறை வரும் வாரம் மாடிப்படியைப் பெருக்குவேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பதால் தேங்காயைச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுவேன். கீழ்வீட்டு அம்மாள் ஒருத்தி என்னைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி எப்போது வருவாள் என்று கேட்பாள். "சீக்கிரம்" என்பேன். அந்த வார்த்தை எனக்கு நன்றாக வரும்.

2

மனைவி வசந்தா எங்கள் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனவள். குழந்தைக்குப் பல் முளைத்தும் இன்னும் அங்கேயே இருக்கிறாள்.

மகள் செல்வி ஊரில் பிறந்து, ஏழு வயதில் இங்கே வந்தவள். அரவிந்த் இங்கேயே பிறந்தவன். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தாலும் அவள் எப்போதும் ஊரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒரு விடுமுறைக்குப் போனவள் திருப்போரூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். மாப்பிள்ளை தினேஷ் சிறுசேரி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறார். நல்ல மனிதர்.

செல்விக்கு வளைகாப்பு நடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வசந்தா என் பக்கத்தில் இருந்தாள். அரவிந்துக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அங்கேயே இருக்கும் என் அண்ணன் வீட்டாரிடம் சொல்லி வைக்க அந்த நிலையில் எனக்குத் தோன்றவில்லை. பிறந்த வீட்டு வளையலை எடுத்துப் போட ஆளில்லாமல், மாமியார் வீட்டுக்காரர்களே அதையும் போட்டு முடித்தார்கள். சம்பந்தியின் தங்கை அப்போது எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தப் பொண்ணு இன்னா, ஆகாசத்துலேருந்து வுழுந்துச்சா?" என்று கேட்டாளாம். செல்வி அதை என்னிடம் சொல்லவில்லை. வசந்தாதான் பிறகு சொன்னாள். அதிலிருந்து அந்த வார்த்தை என் நெஞ்சுக்குள் குழாய் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் பேத்தி மகிழுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று செல்வி போன் செய்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி வரணும்பா. அவன் மடியிலதான் உக்கார வெக்கணும். வேற எதுவும் நீங்க கொண்டார வேணாம்."

நம் பக்கத்தில் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். அப்பன் இல்லாமல்கூட நடந்துவிடும். மாமன் இல்லாமல் நடக்காது.

அரவிந்துக்கு இதைச் சொன்னேன். அவன் வேலை செய்வது சின்னப் பிள்ளைகள் பள்ளியில். ஒரு முறை அங்கே போயிருக்கிறேன். மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையிடம், பேசக்கூடத் தெரியாத பிள்ளை, "துடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் துணியோடு காத்திருந்தான். அது தானாக முகத்தை நீட்டிய பிறகுதான் துடைத்தான். அவர்களுக்கு அதுதான் பாடம். பிள்ளையின் உடம்பு பிள்ளையுடையது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவனிடம் போய், பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள், பத்தர் ஊசி குத்துவார் என்று சொன்னால் என்ன செய்வான்?

கடைசியில், "அக்காவுக்காக வரேன்" என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

3

சென்னை விமான நிலையத்தில் நான் ஒரு வரிசை, அவன் ஒரு வரிசை. என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட், அவனிடம் ஜெர்மன் பாஸ்போர்ட். என் வரிசை வேகமாக நகர்ந்தது. வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் தலையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதிகாரி அவனிடம் ஏதோ கேட்க, அவன் என்னைக் கை காட்டினான். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஏனோ கும்பிட்டேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

திருப்போரூர் பஸ்ஸில் நடத்துநர் சீட்டுக் கொடுத்தபோது வாய் தவறி "டாங்கே" என்று ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டேன். "இன்னாபா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அரவிந்த் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனோ சம்பந்தி வீட்டில் நுழைந்ததும், வீட்டுக்குப் பெரியவரான சம்பந்தி ஏகாம்பரத்தைப் பார்த்து, "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டான். என் காது சூடானது. அவர் மட்டும் பெரிதாகச் சிரித்து, "நல்லாக் கீறேன்டா ராஜா, நீ எப்டிக் கீற?" என்று தோளில் தட்டினார்.

காது குத்துக்கு முந்தைய நாள், கடல் பார்க்க வேண்டும் என்றான். இரண்டு பேரும் மாமல்லபுரம் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் அலைச் சறுக்குப் பலகையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பாசிமணி வியாபாரி அரவிந்தின் நடையைப் பார்த்து ஆங்கிலத்தில் விலை சொன்னார், என்னைப் பார்த்துத் தமிழில் பாதியாகக் குறைத்தார். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீன் படகுகள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் மணலில் உட்கார்ந்தோம். மகிழ் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், திடீரென்று நிறுத்தினான்.

"அப்பா, நான் அவளை மடியில வச்சிக்குவேன். ஆனா அவ மூஞ்சியத் திருப்பினா நான் எழுந்துடுவேன்."

"குழந்தை திருப்பத்தாண்டா செய்யும்."

"அப்போ எழுந்துடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னான். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதுதான். அதற்குப் பிறகு சுண்டல் வாங்கித் தின்றோம்.

4

வசந்தாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அவனிடம் போய் அழுவாள், அவன் அன்றைக்கே கிளம்பினாலும் கிளம்புவான். செல்வியிடம் எப்படிச் சொல்வது? அவள் அடுக்களையில் காப்பரிசிக்கு அரிசி ஊறவைத்து, வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போகும் யாரைப் பார்த்தாலும், "நாளைக்கு என் தம்பி மடியிலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் எப்போதும் எதற்கும் ஒன்று கூடுதலாக வைத்திருப்பவன். உணவகத்திலும் அப்படித்தான். ஒரு பாத்திரம் சாம்பார் வேண்டுமென்றால் ஒன்றரை வைப்பேன். முதலாளி திட்டுவார். ஆனால் என் காலத்தில் சாம்பார் தீர்ந்து ஒரு வாடிக்கையாளரும் திரும்பிப் போனதில்லை. அந்தப் புத்திதான் என்னை அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் குமாரின் அலுவலகத்துக்கு நடத்திச் சென்றது.

குமார் என் அண்ணன் மகன். மனை விற்பனை செய்கிறான். வெள்ளைச் சட்டை, பெரிய மோதிரம், நல்ல மனசு. செல்விக்கு அவனும் அண்ணன் முறைதான், ஆக மகிழுக்கு அவனும் மாமன்தான்.

வெகு நேரம் சுற்றி வளைத்துப் பேசினேன். அரவிந்துக்குப் பழக்கமில்லை, பயந்துகொண்டாலும் கொள்வான், எதற்கும் நீ கொஞ்சம் பக்கத்தில் நில்லு, வேண்டியிருக்காது, இருந்தாலும் எதற்கும் என்றேன்.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சித்தப்பா, இன்னாத்துக்கு நீ பேஜாராவுற? நான் ஒருத்தன் கீறேன்ல? வுடு, நான் பாத்துக்கறேன்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அவன் எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான் என்று கேட்கத் தோன்றவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

5

மறுநாள் காலை திருப்போரூர்க் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பேனர் கட்டியிருந்தது. ரோஜாப்பூக்களுக்கு நடுவில் மகிழின் முகம் சின்னதாக. பக்கத்தில், அதைவிடப் பெரியதாக, கறுப்புக் கண்ணாடி போட்ட குமார். கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன் அன்புடன் வரவேற்கிறார்' என்று போட்டிருந்தது.

என் கால் நின்றுவிட்டது. பேனருக்குப் பின்னால் குமார் வேட்டி சட்டையோடு நின்றான். அவன் வீட்டுப் பெண்கள் கையில் சீர்த்தட்டுகள். பழம், பாவாடை சட்டை, பெரிய மாலை. அவர்களுக்கு முன்னால் மேளக்காரர்கள். பக்கத்தில் நிற்க வா என்றுதான் நான் அழைத்தேன். நம் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளையை நீயும் மாமன்தான் என்று சொல்லிவிட்டால் அவன் வெறுங்கையோடு வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து இருந்து அதை மறந்துபோனேன்.

எங்கள் தட்டுகளோடு வசந்தா நின்றாள். அரவிந்த் பட்டு வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. படத்தைப் பார்த்தான், பிறகு தினேஷிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். தினேஷ் என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் படித்துச் சொன்னார்.

சம்பந்தியின் தங்கை வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "இன்னா இப்ப? புள்ளைக்கு ரெண்டு காது கீது, மாமனும் ரெண்டு கீறாங்க. ஆளுக்கு ஒண்ணு. நடங்க, நடங்க." எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. அரவிந்த் மடியில் உட்கார்ந்து மகிழ் தன் மேல் விழுந்த முடியைப் பிடித்து விளையாடினாள். முடி வளரும், அதனால் அவனுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. சந்தனம் பூசி மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். மணை போட்டு, அரவிந்த் மகிழை மடியில் வைத்து உட்கார்ந்தாயிற்று. காது குத்துகிற பத்தர் கம்பியும் தோடும் எடுத்து வைத்தார். சரியாக அந்த நேரத்தில் குமார் கையைத் தூக்க, மேளக்காரர்கள் மண்டபத்துக்குள்ளேயே அடித்துவிட்டார்கள்.

குழந்தை வீறிட்டது. அரவிந்த் எழுந்தான். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான்.

6

வந்துவிடுவான் என்றார்கள். வரவில்லை. பத்தர், "நல்ல நேரம் போய்கினு கீது" என்றார். குமார் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். சம்பந்தியின் தங்கை பக்கத்தில் இருந்தவளிடம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரோப்ளேன் ஏறிவிட்டானா என்று கேட்டது என் காதில் விழுந்தது. செல்விக்கும் விழுந்திருக்கும்.

நான் போய்த் தேடினேன். பொரி விற்கிறவளைக் கேட்டேன். குளத்துப் பக்கம் கை காட்டினாள். கடைசிப் படிக்கு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தான். மகிழ் அவன் முழங்காலில் நின்றுகொண்டு, மீன்களுக்குப் பொரி போடுகிறேன் என்று பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. சந்தனம் அவன் சட்டையெல்லாம் அப்பியிருந்தது.

அவன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான். "அண்ணன் ஏன் மாலை வச்சிருக்கார் அப்பா?"

வேறு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

"நான் ஓடிடுவேன்னா?"

"எழுந்துடுவேன்னு சொன்னியே."

"எழுந்துடுவேன்னு சொன்னேன். திரும்பி வரமாட்டேன்னு சொல்லல."

இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பொரிக் காகிதத்தை மடித்து, குப்பைத்தொட்டி எங்கே என்று தேடி, கிடைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். எனக்காகக் காத்திருக்காமல் படியேறினான்.

மண்டபத்தில் மேளக்காரர்களைத் தினேஷ் வெளியே அனுப்பியிருந்தார். அரவிந்த் போய் மணையில் உட்கார்ந்தான். பத்தரிடம், கொஞ்சம் இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, மகிழின் வலது காதைத் தன் விரலால் தொட்டு ஏதோ ஜெர்மனில் சொன்னான். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி தொட்டான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவன் தலையசைத்தான். பத்தர் கைதேர்ந்தவர். கம்பி போனதே தெரியவில்லை.

அதன் பிறகுதான் அழுதாள். செல்வி ஒரு பிடி காப்பரிசியை அவள் வாயருகே கொண்டுபோனாள், துப்பிவிட்டாள். கொஞ்சம் அடங்கியதும் பத்தர் இந்தப் பக்கம் வந்தார். அரவிந்த் இடது காதைத் தொட்டான். மகிழ் முகத்தைத் திருப்பி அவன் மார்புக்குள் புதைத்துக்கொண்டாள்.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அவளுக்கு இன்னொரு முறை சமயம் கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவள் திரும்பவில்லை. "அவளுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றான்.

"ஒத்தக் காதோட வூட்டுக்கு இட்டுகினு போறதா?" என்றாள் சம்பந்தியின் தங்கை. பத்தர், இப்படிப் பாதியில் விடக் கூடாது என்றார். குமார் சட்டென்று முன்னால் வந்து மணையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். "குடு தம்பி. மீதிய நான் பாத்துக்கறேன்."

அரவிந்த் குழந்தையைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் கல்யாணத்தில்கூட என் பங்குக்கு அண்ணன்தான் பேசினார். இருந்தாலும் என் குரல் எனக்கே கேட்டது. "குமாரு, வேணாம். எழுந்திரு. அவன்தான் மாமன்."

குமார் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தான். "நீதான சித்தப்பா கூப்ட்ட?"

"நான்தான் கூப்பிட்டேன். நான்தான் வேணாம்னு சொல்றேன். கோச்சுக்காத."

அவன் எழுந்துகொண்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் செல்வி வந்து தம்பியின் தோளிலிருந்த மகளின் கண்ணைத் துடைத்தாள்.

"இந்தக் காது இப்போ போதும்" என்றாள், பத்தரிடமோ சம்பந்தியின் தங்கையிடமோ இல்லாமல் பொதுவாக. "அது அடுத்த வருசம். என் தம்பி வந்து குத்திட்டுப் போவான்."

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, எலையப் போடுங்க. பசிக்குது."

7

இங்கே திரும்பி வந்து சில வாரங்கள் ஆகின்றன. படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காதில் தோடு, ஒரு காது வெறுமை. மொட்டைத் தலையில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நான் நினைத்துக் கவலைப்பட ஏராளமாக இருக்கிறது. குத்திய காது சீழ் வைக்காமல் இருக்க வேண்டும். சம்பந்தியின் தங்கை யாருக்கும் தெரியாமல் குழந்தையை நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் மறு காதைக் குத்திவிடாமல் இருக்க வேண்டும். ஊரிலேயே தங்கிவிட்ட வசந்தாவிடம் இதைப் போனில் சொன்னேன். "நான் எதுக்கு இங்க இருக்கேன்?" என்றாள். குமாருக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை எடுத்தான். சாப்பிட்டியா சித்தப்பா என்று மட்டும் கேட்டான். அதுவே பெரிது.

அரவிந்த் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாளும் தேவைக்கு மட்டும்தான். திரும்பும்போது விமானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடி, அவன் இனி என் கடிதங்களைப் படித்துச் சொல்வானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு வந்தபோது என் தட்டின் மேலிருந்த மூடியை அவன் பிரித்துக் கொடுத்தான். பிறகு காதிலிருந்து இயர்போனை எடுத்தான்.

"அப்பா."

"சொல்லு."

"அடுத்த வருசம் அண்ணனக் கூப்பிடாத."

"கூப்பிட மாட்டேன்" என்றேன்.